பறப்பதும் பிழைப்பதும்: ஒரு விமான உரிமம் குறித்துச் சில குறிப்புகள்

1943ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊர். 35 வயதைத் தாண்டிய ஒரு கறுப்பு நர்ஸ், வணிக விமான ஓட்டிக்கான தேர்வில் பறந்து காட்டிவிட்டுத் தரையிறங்குகிறார். பரீட்சை எடுத்தவர் வெள்ளைக்காரர். இறங்கியதும் அவர் சொன்னதன் சாரம் இது: நீ ஓட்டியதில் குறை ஒன்றும் இல்லை, மற்ற எந்த ஓட்டிக்கும் குறைந்தவள் இல்லை நீ, ஆனால் இதுவரை நான் ஒரு கறுப்புப் பெண்ணுக்கு வணிக உரிமம் கொடுத்ததில்லை, இப்போதும் கொடுப்பதாக இல்லை. அவ்வளவுதான். கையெழுத்துப் போடவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஜேனட் ஹார்மன். முதல் திருமணத்தால் ஜேனட் வாட்டர்ஃபோர்டு, பின்னாளில் ஜேனட் பிராக். 1993இல் இறந்துபோனார். மார்ஜரி க்ரிஸ் என்பவர் உடனிருந்து எழுத, அவருடைய தன்வரலாறு 1996இல் வெளிவந்தது.

இந்த இடத்தை நான் பல தடவை வாசித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த அதிகாரி சொன்னதன் முதல் பாதியில்தான் இடறி நிற்கிறேன். ஒடுக்குமுறை வழக்கமாகப் பேசுகிற மொழி இது இல்லையே. 'உனக்கு இது வராது', 'உன் ரத்தத்திலேயே அது கிடையாது' என்பதுதான் அதன் பழகிய சொல்லாடல். 1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி தயாரித்த அறிக்கை ஒன்று, கறுப்பர்களுக்கு அறிவும் துணிவும் குறைச்சல் என்று விஞ்ஞானத்தின் குரலில் எழுதி வைத்தது. அப்படிப்பட்ட அறிக்கைக்கு ஒரு பதில் இருக்கிறது: ஓட்டிக் காட்டுவது. டஸ்கீகியில் ஜேனட் ஓட்டிக் காட்டினார். அதிகாரியும் பார்த்தார், ஒத்துக்கொண்டார். அதற்கப்புறமும் இல்லை என்றார். தகுதி, திறமை என்று நம்மூரில் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் யாராவது எதிரே உட்கார்ந்திருந்தால், இந்த ஒரு பக்கத்தை மட்டும் அவர்களுக்குப் படித்துக் காட்டலாம் என்று தோன்றும்.

எதை மறுத்தார் அந்த அதிகாரி? பறப்பதையா? இல்லை. ஜேனட்டிடம் தனியார் உரிமம் ஏற்கனவே இருந்தது, 1934இலேயே வாங்கிவிட்டார். அதை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு வேண்டுமானாலும் பறந்துகொள்ளலாம். நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகலாம். கூலி மட்டும் வாங்கக் கூடாது. கூலி வாங்க வேண்டுமென்றால் வணிக உரிமம் வேண்டும். அதற்குக் கூடுதல் மணி நேரம் பறந்திருக்க வேண்டும் (இன்றைய பொது விதிப்படி அமெரிக்காவில் 250 மணி, இந்தியாவில் 200 மணி), உயரத்தையும் திசையையும் இன்னும் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும், சொன்ன இடத்தில் இறக்கிக் காட்ட வேண்டும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் விமானம் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். சட்டம் இரண்டுக்கும் நடுவே போடுகிற கோடு பணத்தின் கோடு. முதல் உரிமம் உள்ளவர் தன் காசைச் செலவழித்துப் பறக்கிறவர், இரண்டாவது உள்ளவர் பறந்து காசு சம்பாதிக்கிறவர். நம்மூரில் சொந்தக் கார் ஓட்டியவருக்கும் 'பேட்ஜ்' வாங்கி டாக்சி ஓட்டியவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மாதிரி. ஆக, டஸ்கீகியில் மறுக்கப்பட்டது திறமையை விற்கும் உரிமை. 'நீ விளையாடிக்கொள், வேலைக்கு மட்டும் வராதே' என்பதுதான் அந்தக் கையெழுத்தில்லாத தாள் சொன்ன செய்தி.

'பொழுதுபோக்கு' என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. ஜேனட்டைப் பற்றிய சிறுகுறிப்புகள் அவரைப் பொழுதுபோக்காகப் பறந்தவர் என்கின்றன. போக்குவதற்குப் பொழுது எங்கே இருந்தது அவருக்கு? 1907இல் ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் ஊரில் 7 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். அட்லாண்டாவில் கறுப்புப் பெண்களுக்கான ஸ்பெல்மனில் நர்ஸ் படிப்பு முடித்து, வடக்கே இல்லினாய் மாநிலத்துக்குப் பிழைக்கப் போனார். சிகாகோவில் ஆஸ்பத்திரி வேலை. பிறகு கறுப்பர்களுக்கான ஈமச்சடங்குக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் உடல்நிலை பரிசோதகர் வேலை. 1933இல் ஒரு விளம்பரப் பலகையைப் பார்க்கிறார்: கூட்டில் பறவையும் குஞ்சுகளும், பறவைகளே பறக்கக் கற்றுக்கொள்ளும்போது உன்னால் ஏன் முடியாது என்கிற மாதிரி ஒரு கேள்வி. பெருமந்தம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. வேலைக்குப் போகக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த வருஷத்தில் ஒரு கறுப்பு நர்ஸ் சம்பளக் காசைச் சேர்த்து வைத்து விமானப் படிப்பில் சேருகிறார். இதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைப்பது, நேரத்தையும் பணத்தையும் என்ன செய்வதென்று தெரியாதவர்களின் அகராதியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து இவர்மேல் போர்த்துவது.

அவர் சேர்ந்த வகுப்புக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் 'சாதனைப் பெண்மணி' என்ற வழக்கமான குழியில் நானும் விழுந்துவிடுவேன்.

பெஸ்ஸி கோல்மனிலிருந்து தொடங்க வேண்டும். சிகாகோவில் நகம் சீவி அலங்கரிக்கும் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் அவருக்கு விமானம் ஓட்டச் சொல்லித் தரவில்லை. பிரெஞ்சு கற்றுக்கொண்டு பிரான்சுக்குப் போய் 1921 ஜூனில் சர்வதேச உரிமம் வாங்கித் திரும்பினார். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1921இல் அமெரிக்காவில் பறப்பதற்கு மத்திய அரசின் உரிமம் எதுவும் தேவையில்லை! விமானம் கிடைத்தவர் பறந்தார், ஊர் ஊராகப் போய் வித்தை காட்டினார். கோல்மனை அன்று தடுத்தது தாள் அல்ல; சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான். 1926இல்தான் விமான வணிகச் சட்டம் வந்தது. ஓட்டிகளுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் வணிகத் துறைக்குப் போனது, 1927இல் உரிமங்கள் வழங்கப்படத் தொடங்கின. அதே 1926 ஏப்ரலில் கோல்மன் விமானத்திலிருந்து விழுந்து இறந்தார். சட்டத்தின் வாசகத்தில் நிறம் பற்றி ஒன்றும் கிடையாது. பாதுகாப்பு, ஒழுங்கு, தரம் என்று நவீன அரசின் நல்ல வார்த்தைகள்தான் இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு வானத்துக்கு ஒரு வாசல் வந்துவிட்டது, வாசலில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள்.

அந்தச் சிகாகோவிலேயே கார்னீலியஸ் காஃபி, ஜான் ராபின்சன் என்று இரண்டு கறுப்பு மோட்டார் மெக்கானிக்குகள். கர்ட்டிஸ்–ரைட் விமானப் பள்ளிக்கு விண்ணப்பித்து இடமும் கிடைத்தது. நேரில் போய் நின்றதும், ஆள் கறுப்பு என்று தெரிந்ததும், இடம் இல்லை என்றார்கள். ராபின்சன் அங்கே தரை கூட்டுகிறவராகச் சேர்ந்து, வகுப்பு நடக்கும்போது காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். ஏகலைவன் கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் இவர்கள் கட்டைவிரலைக் கொடுக்கவில்லை. வேலை பார்த்த கார் விற்பனைக் கடை முதலாளியின் துணையோடு, வழக்குப் போடுவோம் என்று மிரட்டி உள்ளே நுழைந்தார்கள். 1931இல் படித்து முடித்தார்கள். உடனே பள்ளிக்கு ஞானம் வந்துவிட்டது: கறுப்பர்களுக்கென்று தனி வகுப்பு, அதற்கு இவர்களே ஆசிரியர்கள். 1933இல் ஜேனட் போய்ச் சேர்ந்த வகுப்பு இதுதான். ஒதுக்கலும் அதுவே, இடம் கிடைத்ததும் அதுவே. இந்த இரண்டையும் பிரித்து எடுத்துத் தனித்தனியாக எடைபோட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் அவர் ஒருவரே பெண். பாடம் உண்டு, பறக்க விமானம் இல்லை. தன் பணத்தில் 600 டாலருக்கு ஒரு விமானம் வாங்கினார், அதைத் தன்னோடு படித்தவர்களும் ஓட்டினார்கள். அதுவரைக்கும் 'இவள் எதற்கு இங்கே' என்று பார்த்த ஆண்கள் விமானம் வந்த பிறகு மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கறுப்புச் சகோதரத்துவத்துக்குள்ளும் ஒரு ஆண் இருக்கிறான். விமானம் வந்தது; இறக்க இடம்? மற்ற விமான நிலையங்களில் கறுப்பர்களை விடமாட்டார்கள். சிகாகோவுக்குத் தெற்கே ராபின்ஸ் என்ற கறுப்பர்களின் ஊரில் நிலத்தைச் சீர்படுத்தி, பழைய மரங்களை வாங்கிக் கொட்டகை போட்டு, தங்களுக்கென்று ஒரு விமானத் திடலைத் தாங்களே உண்டாக்கினார்கள். அது அதிக நாள் நிற்கவில்லை. ஒரு புயல் கொட்டகையைப் பிய்த்து எறிந்தது. பிறகு ஹார்லெம் விமான நிலையம் என்ற இடத்தில் ஒரு ஓரம் கிடைத்தது. (நியூயார்க்கின் ஹார்லெம் இல்லை இது, சிகாகோ அருகே அந்தப் பெயரில் ஒரு சாலை.) ஜேனட் 'சிகாகோ டிஃபென்டர்' என்ற கறுப்பர் பத்திரிகையில் விமானத்துறை பற்றித் தொடர்ந்து எழுதினார். நம்மைப் போன்ற ஆட்கள் எழுதுவதோடு நின்றுவிடுகிறோம், அவர் எழுதிவிட்டுப் போய்ப் பறந்தார்.

போர் நெருங்கியதும் அரசுக்கு ஓட்டிகள் தேவைப்பட்டார்கள். 1939இல் சிவிலியன் விமானப் பயிற்சித் திட்டம் சட்டமானது. இனத்தைக் காரணம் காட்டி யாருக்கும் இதன் பயனை மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. அந்த வரி தானாக வந்துவிடவில்லை, அதைச் செயலில் கொண்டுவரவும் சும்மா விடவில்லை. அந்த மே மாதம் சிகாகோ கறுப்பு ஓட்டிகள் இரண்டு பேர், சான்சி ஸ்பென்சரும் டேல் ஒயிட்டும், ஓட்டை உடைசலான வாடகை விமானம் ஒன்றில் வாஷிங்டனுக்குப் பறந்தார்கள். வழியில் எந்திரம் பழுதாகி ஒஹையோவில் இறங்க நேர்ந்தது. போய்ச் சேர்ந்து, அப்போது செனட்டராக இருந்த ட்ரூமனைப் பார்த்துப் பேசினார்கள். 1944 வரை நடந்த அந்தத் திட்டத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்றார்கள். டஸ்கீகியில் ராணுவம் பயிற்றுவித்த கறுப்பு விமானிகள் 992 பேர். அவர்களைப் பற்றிப் படங்களும் புத்தகங்களும் நிறைய வந்துவிட்டன, நான் இங்கே நிற்கவில்லை.

ஜேனட்டுக்கு வருகிறேன். போர்க்காலத்தில் அவர் மூன்று கதவுகளைத் தட்டினார். ராணுவத்துக்குத் துணையாகப் பெண் விமானிகள் படை ஒன்று, வாஸ்ப் என்ற சுருக்கப் பெயரில், திரட்டப்பட்டது. 25,000 பெண்கள் விண்ணப்பித்தார்கள், 1,074 பேர் பயிற்சி முடித்தார்கள். ஜேனட் நேர்முகத்துக்குப் போனார். உரிமம் இருக்கிறது, பறந்த கணக்குப் புத்தகம் இருக்கிறது. எதிரே இருந்த அதிகாரிக்கு ஆளைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. நிறத்தைச் சொல்லி மறுத்தார்கள். படைத்தலைவி ஜாக்குலின் காக்ரன் அந்த முடிவையே உறுதி செய்து கடிதம் அனுப்பினார். பெண்கள் பறப்பதற்காகப் போராடிய பெண்தான் அவரும். சரி, நர்ஸ் வேலைக்காவது எடுத்துக்கொள்வார்களா என்று ராணுவ நர்ஸ் பிரிவுக்கு எழுதினார். கறுப்பு நர்ஸ்களுக்கு வைத்த எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. காயம்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு அப்படி வரம்பு இருந்ததா என்று கேட்க ஆளில்லை.

மூன்றாவது கதவுதான் டஸ்கீகி. அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் சார்லஸ் ஆல்ஃப்ரெட் ஆண்டர்சன். கடன் வாங்கி விமானம் வாங்கி, கிடைத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு ஓட்டப் பழகி, 1932இல் அந்நாளின் உயர்ந்த வணிக உரிமமான போக்குவரத்து உரிமத்தை வாங்கிய முதல் கறுப்பர். அதுவும் சும்மா கிடைக்கவில்லை; எர்ன்ஸ்ட் புயல் என்ற, ஜெர்மனியிலிருந்து குடியேறிய விமானி ஒருவர் அவருக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வெடுக்க விடுங்கள் என்று அவருக்காக வாதாடினார். ஜேனட்டுக்கு அலபாமாவில் அப்படி வாதாடக் கூடிய வெள்ளைக்காரர் யாரும் இல்லை. ஆண்டர்சன் எவ்வளவு பெரிய ஓட்டியானாலும் தேர்வாளர் முன்னால் அவரும் ஒரு கறுப்பர்தான்.

ஜேனட் சிகாகோவுக்குத் திரும்பினார். பால்–வாக்கி விமான நிலையத்தில் அதே தேர்வை மறுபடி எழுந்து பறந்து காட்டினார். உரிமம் கிடைத்தது. அதே 1943.

இதை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு என் அப்பா ஞாபகம். கிளீனராக லாரியில் ஏறி, டிரைவர் தூங்கும் ராத்திரிகளில் ஓட்டிப் பழகியவர். ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போன அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் ஓட்டுற. எந்த ஊரு?' என்று கேட்டிருக்கிறார். சொன்னார். 'அந்த ஊர்ல எந்தத் தெரு?' அதையும் சொன்னார். 'சரி, அடுத்த மாசம் வா.' அப்பா அடுத்த மாதம் போகவில்லை. வேறு மாவட்டத்தில் சித்தப்பா வீட்டு விலாசத்தைக் கொடுத்து அங்கே வாங்கினார். 'ஓட்டத் தெரியலன்னு சொல்லியிருந்தா கோவம் வந்திருக்காதுடா' என்பார். அந்த இன்ஸ்பெக்டருக்கும் அலபாமா அதிகாரிக்கும் ஒரே மனசு என்றெல்லாம் நான் சமன்பாடு போடவில்லை. சாதியும் நிறமும் வேறு வேறு விதமாக வேலை செய்கிறவை. ஆனால் கையெழுத்துப் போடுகிற இடம் என்று ஒன்று இருக்கிறது. சட்டம் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டு, கடைசியில் ஒரு பேனா முனையில் வந்து நிற்கிறது. அந்த முனையில் சட்டத்துக்கு ஒரு ஊர், ஒரு தெரு வந்துவிடுகிறது. அலபாமாவிலும் இல்லினாயிலும் இருந்தது ஒரே மத்திய அரசு, ஒரே விதிப் புத்தகம். ஓட்டியவரும் ஒருவரே. ஓரிடத்தில் இல்லை என்றது இன்னோரிடத்தில் ஆமாம் என்றானது.

அதற்காக வடக்கு உத்தமம் என்று சொல்ல வரவில்லை. வாஸ்ப் நேர்முகம் நடந்தது சிகாகோவில்தான். காஃபியையும் ராபின்சனையும் வாசலில் நிறுத்தியதும் சிகாகோதான்.

வணிக உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்று ஜேனட்டை இன்று குறிப்பிடுகிறார்கள். அவருடைய சிகாகோ தோழி வில்லா பிரவுன் 1939இலேயே அதை வாங்கிவிட்டார் என்று வேறு நூல்கள் சொல்கின்றன. பஞ்சாயத்துப் பண்ண எனக்கு ஆசையில்லை. 'முதல்' என்ற பட்டத்தையே நான் நம்புவதில்லை. யாரை வாசலில் நிறுத்தினார்களோ அவருக்கு, அதே வாசல்காரர்கள் பிற்பாடு கொடுக்கிற பதக்கம் அது. ஏன் 1943 வரை ஒருவரும் இல்லை, அல்லது ஒரே ஒருவர்தான், என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது. ராபின்சில் மண் வெட்டியவர்களையும் மறைத்துவிடுகிறது.

உரிமத்தை வாங்கி என்ன செய்தார்? தொடர்ந்து பறந்தார், தன் ஆசைக்காக. விமானம் ஓட்டிச் சம்பளம் வாங்கியதாக அவரைப் பற்றிய குறிப்புகள் எதிலும் நான் பார்க்கவில்லை. இரண்டாவது கணவர் சம்னர் பிராக்கோடு சேர்ந்து சிகாகோவில் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் நடத்தினார், 1972இல் ஓய்வு பெற்றார். விற்கலாம் என்று அரசு தாள் கொடுத்துவிட்டது, ஆனால் வாங்குகிறவன் யார்? விமானக் கம்பெனிகள் கறுப்பர்களை எடுக்கவில்லை, பெண்களை எடுக்கவில்லை. 1934இல் ஹெலன் ரிச்சி என்ற வெள்ளைப் பெண்ணை ஒரு கம்பெனி எடுத்தது. விமானிகள் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அடுத்த வருஷமே அவர் வெளியேற வேண்டியதாயிற்று. தொழிற்சங்கம் என்றாலே நம் பக்கம் என்று நினைக்கிற தோழர்கள் இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மார்லன் கிரீன் என்பவர் விமானப்படையில் 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். 1957இல் கான்டினென்டல் கம்பெனிக்கு விண்ணப்பித்தபோது இனம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டார், புகைப்படமும் ஒட்டவில்லை. அழைப்பு வந்தது, பறந்து காட்டினார். அவரைவிடக் குறைவாகப் பறந்திருந்த வெள்ளையர்களுக்கு வேலை, அவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் 1963இல் ஜெயித்தார், 1965இல்தான் விமானத்தில் ஏற முடிந்தது. டஸ்கீகியில் நடந்தது இங்கே மறுபடி நடந்திருக்கிறது, மேஜையில் மட்டும் அரசுக்குப் பதிலாகக் கம்பெனி.

ஒரு கறுப்புப் பெண் பெரிய அமெரிக்க விமானக் கம்பெனி ஒன்றில் விமானியாகச் சேர்ந்தது 1978இல்: ஜில் பிரவுன், டெக்சாஸ் இன்டர்நேஷனல். ஜேனட்டுக்கு அப்போது 71 வயது. ஜில்லும் வீட்டில் குடும்பமாகச் சேர்ந்து வாங்கிய சின்ன விமானத்தில், 17 வயதில் ஓட்டப் பழகியவர்தான். பறந்த மணிக் கணக்கைச் சேர்ப்பதற்காக, வட கரோலினாவில் ஒரு கறுப்பர் நடத்திய சிறிய விமானக் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே விமானியானார். டெக்சாஸ் இன்டர்நேஷனலில் சுமார் ஒரு வருஷம் இருந்தார். தன்னை விளம்பரத்துக்காக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியதும் விலகி, சரக்கு விமானம் ஓட்டப் போய்விட்டார்.